கண்ணாடியைக் கழற்றாமல் பூட்டிய இரண்டாவது ரவுட்டர்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே,

உங்களுக்கு நாலு வார்த்தை சொல்லச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ரவுட்டரைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர ஒன்றும் இல்லை. பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் பொடி எழுத்தை நான் எழுத்துக்கூட்டி வாசித்து முடிப்பதற்குள், நீங்கள் வேலையை முடித்துவிட்டுத் தேத்தண்ணிக் கடையில் இருப்பீர்கள். ஆகவே பெட்டியை விட்டுவிட்டு வீட்டைப் பற்றிக் கதைக்கிறேன்.

கொழும்பில் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் காதில் விழுவது ஒரே வசனம்தான். "பின்னுக்கு வரேல்லை." குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது மாதிரிச் சொல்வார்கள். லைன் வந்து இறங்கும் வாசலடியில் பெட்டி இருக்கும், வீட்டில் உள்ள மனிதர் எல்லோரும் வேறெங்கோ இருப்பார்கள். வெள்ளவத்தையில் ஒரு மாடிவீட்டில் கள்ளருக்குப் பயந்து ரவுட்டரை இரும்பு அலுமாரிக்குள் வைத்துப் பூட்டி, திறப்பை வீட்டுக்கார அம்மா இடுப்பில் செருகியிருந்தார். இன்னொரு வீட்டில் தூசி படாமல் பூப்போட்ட துணியால் மூடி, பக்கத்தில் ஒரு பெரிய மீன்தொட்டியும் வைத்திருந்தார்கள். சிக்னல் என்ன, பிசாசுகூட அதைத் தாண்டி அடுத்த அறைக்குப் போகாது.

நானும் இப்படியான வீடுகளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு திரிந்தவன்தான். ஓய்வு பெறுவதற்குக் கொஞ்சக் காலம் முன்பு கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக்குப் போனேன். அன்றைக்குப் பிறகு இந்த "பின்னுக்கு" என்ற சொல்லைக் கேட்டால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. அந்த ஒரு வீட்டின் கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அது ஒரு சனிக்கிழமை. "இரண்டாவது ரவுட்டர் போட்டும் வீடியோ கோல் நின்று நின்று போகுது" என்று முறைப்பாடு. எங்களுடைய ஆள் ஒருவர் ஏற்கனவே போய், சிக்னலைப் பிடித்துத் திருப்பி அனுப்பும் சின்னப் பெட்டி ஒன்றைச் சொருகிவிட்டு வந்திருந்தார். பெயர் சொல்லமாட்டேன். உங்களைப் போலத்தான், கெட்டிக்காரர், கொஞ்சம் அவசரக்காரர்.

வீடு ஓடை மாதிரி நீளம். தெருப்பக்கத்து முன் அறையை ஒரு சிங்கள முதலாளிக்குக் கடைக்கு விட்டிருந்தார்கள். லைன் வந்து இறங்கியதும் முதல் ரவுட்டர் இருந்ததும் அந்தக் கடைக்குள். கடையின் பின்சுவருக்கு அந்தப் பக்கம் நடு அறை. அதற்குப் பிறகு விறாந்தை, பிறகு வானம் பார்த்த முற்றம், முற்றத்தின் கடைசியில் பின் ஒழுங்கைக்குத் திறக்கும் கதவு. குடும்பம் புழங்குவது நடு அறையிலிருந்து பின்பக்கம் முழுவதும். வெளிச்சமும் அங்கேதான். சிக்னல் மாத்திரம் முன்னால்.

பின் ஒழுங்கைக் கதவு திறந்து கிடந்தது. உள்ளே போனேன். நடு அறையில் ஒரு பெண் எனக்கு முதுகு காட்டியபடி தையல் மெஷினில் இருந்தார். நான் கூப்பிட வாய் திறக்கவில்லை, செருப்பைக்கூட இன்னும் கழற்றவில்லை. அவர் திரும்பாமலே ஒரு கையைத் தூக்கி விறாந்தையில் இருந்த கதிரையைக் காட்டினார். தையலை முடித்து நூலை அறுத்துவிட்டுத்தான் திரும்பிச் சிரித்தார். அவர்தான் வீட்டுக்காரர், றெஜினா அக்கா. வயதில் எனக்கு இளையவர். ஆனால் கொட்டாஞ்சேனைக்கே அவர் அக்கா என்பதால் எனக்கும் அக்கா.

அவருடைய மகள் நிரோஷா சமையலறையிலிருந்து கையைத் துடைத்தபடி வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும்.

"அம்மாவுக்குக் காது கேக்காது அங்கிள். பிறந்ததிலயிருந்தே. நீங்க என்னோட கதையுங்கோ, நான் அம்மாவுக்குக் கையால சொல்றன்."

காது கேட்காத மனுசி, முதுகுக்குப் பின்னால் நான் வந்ததை எப்படி அறிந்தார் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும். நான் யோசிக்கவில்லை. என் கண் சுவரில் இருந்த பிளக் பொயின்ட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தது. நம்முடைய தொழிலில் அது ஒரு வியாதி.

"என்ன பிரச்சினை பிள்ளை?" என்று கேட்டேன். நிரோஷா நிலத்தைப் பார்த்தாள். விறாந்தைச் சாய்கதிரையில் இருந்த ஒரு பெரியவர் தொண்டையைச் செருமினார். றெஜினா அக்காவின் காலமான கணவருக்கு அண்ணன், அதாவது நிரோஷாவின் பெரியப்பா. வெள்ளைச் சேர்ட், கரைபோட்ட வேட்டி, கலியாணம் பேச வந்த ஆள் என்று தூரத்திலேயே தெரியும்.

"அவள் என்னண்டு தம்பி சொல்லுவாள், அவளின்ர கலியாண விசயம்தானே," என்றார். "மெல்பேர்ணில ஒரு பெடியன், ஜெறோம் எண்டு. இவளும் அவனும் விருப்பம். அவன்ர தாய்க்கும் காது கேக்காது. இரத்மலானையில இப்பிடிக் குடும்பங்கள் கூடுற ஒரு நிகழ்ச்சியிலதான் ரெண்டு பேரும் சந்திச்சவை. போன கிழமை தாய்மார் ரெண்டு பேரும் வீடியோவில கதைக்க ஒழுங்கு செய்தம். அங்கதான் எல்லாம் குழம்பினது."

"எப்பிடிக் குழம்பினது?"

நிரோஷா இப்போது வாய் திறந்தாள். "ஜெறோமின்ர அம்மா, திரேசா அன்ரி, கேட்டவ. பிள்ளையை இவ்வளவு தூரம் அனுப்ப உங்களுக்கு மனசோ எண்டு. அம்மா சொல்ல வந்தது, 'வேண்டாம் எண்டுதான் முதல் நினைச்சனான், பிறகு' எண்டு ஒரு கதை. 'வேண்டாம்' எண்டு கையை வைக்க, படம் அதிலயே நிண்டிட்டுது. பிறகு லைனே போயிட்டுது."

அவள் தன் உள்ளங்கையை எனக்கு நேரே விரித்து நிறுத்திக் காட்டினாள். இதுதான் அந்த வீட்டுக் கைப்பாஷையில் 'வேண்டாம்'. அந்தக் கை அப்படியே அசையாமல் என் முன்னால் நின்றது. பாருங்கள், நாங்கள் வாயால் கதைக்கும்போது லைன் அறுந்தால் சத்தம் நின்றுபோகும், அவ்வளவுதான். மறுபக்கத்தில் இருப்பவர் "ஹலோ, ஹலோ" என்பார். கையால் கதைக்கிறவர்களுக்கு அப்படி இல்லை. படம் நின்றால், நின்ற சொல் திரையில் நின்றபடியே கத்திக்கொண்டிருக்கும். இத்தனை வருடம் இந்தத் தொழிலில் கிடந்தும் எனக்கு இது தோன்றியதே இல்லை.

"மெசேஜ் போட்டு விளங்கப்படுத்தலாமே," என்றேன்.

"போட்டம் அங்கிள். ஜெறோமும் சொல்லிப் பாத்தவர். அன்ரி நம்பேல்லை. 'எங்களுக்காக மற்றவை எழுதுறதும் சொல்றதும் பிறந்ததிலயிருந்து கண்டாச்சு, நான் அந்த மனுசியின்ர கையைத்தான் நம்புவன்' எண்டு நிக்கிறா. இண்டைக்குப் பின்னேரம் ஒருக்காத்தான் கதைப்பாவாம். இதிலயும் சரிவராட்டி விட்டிடுவம் எண்டு சொல்லிட்டா."

நிரோஷா இதைச் சொல்லும்போது குரல் உடையவில்லை. விரல் மாத்திரம் சட்டையின் நூல் ஒன்றை இழுத்துக்கொண்டே இருந்தது. தாய் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் வேலையைத் தொடங்கினேன். விறாந்தையில் ஒரு டெப்லெட் வைத்திருந்தார்கள். அதில் சிக்னல் கோடு நிறைய இருந்தது. அதை வைத்து எங்களுடைய அலுவலகத்துக்கு ஒரு கோல் எடுத்து, "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்றேன். மணிமணியாகக் கேட்டது. "கேக்குது பிள்ளை, நல்லாக் கேக்குது," என்று பெருமையோடு திரும்பினேன்.

"அம்மாவுக்கு ஹலோ என்னத்துக்கு அங்கிள்?" என்றாள் நிரோஷா. நக்கலாக அல்ல, மெதுவாக. எனக்குக் காது சூடேறியது.

பிறகு படத்தைப் போட்டுப் பார்த்தேன். என் கையை ஆட்டினால் திரையில் கை விட்டு விட்டுத் தாவியது. காரணம் பழைய காரணம்தான். எங்களுடைய ஆள் அந்தச் சின்னப் பெட்டியை சிக்னல் இல்லாத இடத்திலேயே கொண்டுபோய்ச் சொருகியிருந்தார். தாங்கியில் தண்ணீர் இல்லாமல் புதுக் குழாய் பூட்டிய கதை. டெப்லெட்டுக்கும் சின்னப் பெட்டிக்கும் இடையில் கோடு நிறையத்தான் இருக்கும். சின்னப் பெட்டிக்கும் முன்னால் இருக்கும் ரவுட்டருக்கும் இடையில் என்ன இருக்கிறது என்று எந்தக் கோடும் உங்களுக்குக் காட்டாது. கோடு நிறைந்திருந்தால் வேலை முடிந்தது என்று நினைக்கிறவர் இந்தத் தொழிலில் நிறையப் பேர்.

"அப்ப கடைக்குள்ள போயிருந்து கதைக்கச் சொல்லுங்கோ," என்றேன். முன் அறை இருட்டு என்றாள் நிரோஷா. கை தெரிய வெளிச்சம் வேண்டும், முகம் தெரியவும் வேண்டும், பாதிச் சொல் முகத்தில்தான் இருக்கிறதாம். போன் டேட்டாவில் கதைக்கலாம் என்றால், சுற்றிலும் உயர்ந்த மாடிவீடுகள், அதுவும் அந்த முற்றத்துக்குள் ஒழுங்காக வருவதில்லை. ஆக, கதைக்க வேண்டிய இடம் விறாந்தை. அங்கே சிக்னல் வந்தாக வேண்டும்.

ஏன் வரவில்லை என்று நடு அறைக்குள் போய்ப் பார்த்தேன். கடைக்கும் நடு அறைக்கும் இடையிலான சுவரில் ஒரு நிலைக்கண்ணாடி. கண்ணாடி என்றால் சும்மா கண்ணாடி இல்லை. அந்தக் காலத்து ஆள், ஒரு கட்டிலைத் தூக்கி நிறுத்தினால் எவ்வளவு பெரிதோ அவ்வளவு. அதற்கு நேர் பின்னால், சுவருக்கு அந்தப் பக்கம், எங்கள் ரவுட்டர். கண்ணாடியின் முதுகில் பூசியிருக்கிற உலோகம் சிக்னலுக்கு ஒரு இரும்புக் கதவு மாதிரி. கண்டுபிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரே சந்தோசம்.

"இதைக் கழட்டி மற்றச் சுவரில மாட்டிவிட்டா முக்கால்வாசி வேலை முடிஞ்சுது," என்றேன்.

நிரோஷா கொஞ்சம் தயங்கிவிட்டுத் தாயிடம் கையால் சொன்னாள். றெஜினா அக்காவின் உள்ளங்கை என் முகத்துக்கு நேரே வந்து நின்றது. வேண்டாம். மொழிபெயர்க்கத் தேவையிருக்கவில்லை.

"தைச்சதைப் போட்டுப் பாக்கிற கண்ணாடிதானே பிள்ளை, எங்க இருந்தா என்ன?" என்றேன்.

றெஜினா அக்கா எழும்பி, என் முழங்கையைப் பிடித்துக் கூட்டிப்போய், தன்னுடைய தையல் முக்காலியில் என்னை இருத்தினார். கண்ணாடியைப் பார்க்கச் சொல்லி விரலைக் காட்டினார்.

பார்த்தேன். எனக்குப் பின்னால் இருந்த முழு வீடும் எனக்கு முன்னால் இருந்தது. சாய்கதிரையில் வாய் திறந்து தூங்கத் தொடங்கியிருந்த பெரியப்பா. மூடி தள்ளும் கேத்தல். முற்றத்துச் சுவரில் நடந்துபோகும் பூனை. அதற்கும் அப்பால் ஒழுங்கைக் கதவு, கதவின் இடுக்கால் தெரியும் ஒரு சைக்கிள் சில்லு. நான் வந்ததையும் செருப்போடு நின்றதையும் அவர் இதில்தான் கண்டிருக்கிறார்.

"இது அம்மாவின்ர காது அங்கிள்," என்றாள் நிரோஷா. "நான் குழந்தையா இருக்கேக்க தொட்டிலை விறாந்தையில கட்டுவாவாம். நான் அழுதா வாய் திறக்கிறதை இதில கண்டுதான் ஓடிவருவாவாம். தைச்சுக்கொண்டிருப்பா, ஒருநாளும் என்னை அழவிட்டதில்லையாம். பெரியம்மா சொல்லுவா."

வீடு வீடாகப் போய் அலுமாரிக்குள் பூட்டிய ரவுட்டரையும் மீன்தொட்டியையும் பார்த்துச் சிரித்த மனுசன் நான். அந்த முக்காலியில் இருந்து பார்த்தபோது, கதிரை, கேத்தல், தொட்டில் கட்டிய கூரை வளை, எல்லாமே அந்தக் கண்ணாடிக்குள் விழும் இடமாகப் பார்த்து வைக்கப்பட்டிருப்பது தெரிந்தது. ஒரு மனுசி முப்பது வருடமாக ஒரு வீட்டையே தனக்குக் காதாகக் கட்டி வைத்திருக்கிறார். நான் அதைக் கழற்றித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். கோயிலுக்குள் நிற்கும்போது வருகிற ஒரு அடக்கம் எனக்கு அந்தத் தையல் அறையில் வந்தது.

சரி, காது அங்கேயே இருக்கட்டும், சிக்னல் சுற்றிப் போகட்டும் என்று முடிவெடுத்தேன். பழைய வீடு என்பதால் நடுச்சுவர் கூரை வரை போகவில்லை. மேலே காற்றுக்கு விட்ட மரச்சட்டம். சுவரைத் துளைக்கவும் தேவையில்லை, கண்ணாடியைத் தொடவும் தேவையில்லை. கடைக்குள் இருக்கும் ரவுட்டரிலிருந்து ஒரு கேபிளை அந்தச் சட்டத்தால் ஏற்றி, வளையோடு கட்டிக் கொண்டுவந்து, விறாந்தைக் கதவுநிலைக்கு மேல் இரண்டாவது ரவுட்டரைப் பூட்டலாம். சின்னப் பெட்டியைப் பிடுங்கி எறிந்தேன். ஏற்கனவே களைத்து வந்த சிக்னலைப் பிடித்து இன்னொரு தரம் அனுப்புவதற்கும், கேபிளால் நேரே கொண்டுபோய் ஊற்றுவதற்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்குத் தெரியும். சோம்பலில்தான் நாங்கள் முதலாவதைச் செய்கிறோம்.

கடை முதலாளியிடம் போய், "அய்யே, பொட்டக் நகின்ன தென்ன," என்று சிங்களத்தில் ஏற இடம் கேட்டேன். அவர் சாமான் தட்டுகளைத் தானே இழுத்து ஒதுக்கி, ஏணியையும் தந்து, அதைப் பிடித்தபடியும் நின்றார். கலியாண விசயம் அவருக்கும் தெரிந்திருந்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டுக் கலியாணம் பக்கத்துக் கடைக்குத் தெரியாமல் நடக்காது.

கேபிள் வந்தது, ரவுட்டர் பூட்டியாகிவிட்டது, பச்சை விளக்கும் எரிந்தது. டெப்லெட்டை இன்னும் புதுப் பெட்டிக்கு மாற்றவில்லை. அந்த நேரம் பார்த்து டெப்லெட் ஒளிவிடத் தொடங்கியது. மெல்பேர்ண். சொன்ன நேரத்துக்கு முன்பே எடுத்துவிட்டார்கள்.

டெப்லெட்டின் மணிச் சத்தத்தில் எழும்பிய பெரியப்பா, "எடுங்கோ, எடுங்கோ," என்றார். றெஜினா அக்கா ஒளியைக் கண்டு ஓடிவந்து கையை நீட்டினார்.

சின்னப் பெட்டி போன பிறகு டெப்லெட் முன் அறை ரவுட்டரின் மெலிந்த சிக்னலைத்தான் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. தெரிந்த ஆளை லேசில் விடாத குணம் இந்தச் சாமான்களுக்கும் உண்டு. அப்படியே எடுத்தால் படம் மறுபடியும் நிற்கும். எந்தச் சொல்லில் நிற்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். எடுக்காமல் விட்டால், போன கிழமை லைன் அறுந்தது, இந்தக் கிழமை எடுக்கவேயில்லை என்றாகும். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் முடிவெடுத்தேன். பதில் இல்லாத ஒளிக்குப் பிறகு காரணம் சொல்லலாம், பாதியில் நின்ற சொல்லுக்குக் காரணம் சொல்ல முடியாது என்று அந்த வீடு எனக்கு ஏற்கனவே காட்டியிருந்தது.

றெஜினா அக்காவின் முன்னால் என் உள்ளங்கையை விரித்து நிறுத்தினேன். வேண்டாம்.

அந்தப் பாஷையில் நான் சொன்ன முதல் சொல் அது. அவர் என் கையைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், நீட்டிய கையைத் தாழ்த்திக்கொண்டார். டெப்லெட் ஒளிவிட்டு ஒளிவிட்டு அடங்கியது.

"தம்பி, ஒரு குடும்பத்தின்ர விசயத்தைக் குழப்பிப்போட்டீர்," என்றார் பெரியப்பா. புது ரவுட்டருக்கு வேறு பெயர் கொடுத்து, டெப்லெட்டை முன் அறைப் பெட்டியை மறக்கச் செய்தேன். வழக்கமாக இரண்டுக்கும் ஒரே பெயர் கொடுப்பதுதான் வசதி என்று நாங்கள் சொல்வோம். அன்று எனக்கு வசதி வேண்டியிருக்கவில்லை, நிச்சயம் வேண்டியிருந்தது. பிறகு நிரோஷாவைத் தன்னுடைய போனோடு ஒழுங்கைக்கு அனுப்பி, டெப்லெட்டிலிருந்து அவளுக்கு வீடியோ எடுத்து, றெஜினா அக்காவை வேகமாகக் கதைக்கச் சொன்னேன். ஒழுங்கையிலிருந்து நிரோஷா சிரித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"ஒரு சொல்லும் நிக்கேல்லை அங்கிள். 'அரிசியை அடுப்பில வச்சிட்டு எங்க போறாய்' எண்டு பேசினதுகூட விளங்கினது."

றெஜினா அக்கா தலையைக் கோதிக்கொண்டு, முற்றத்து வெளிச்சம் முகத்தில் விழும்படி விறாந்தையில் இருந்தார். டெப்லெட்டை எதிரே முக்காலியில் சாய்த்து வைத்தோம். பெரியப்பா எழும்பி நின்று ஒரு சட்டம் போட்டார். "கலியாணப் பொம்பிளையைப் பற்றிக் கதைக்கேக்க பொம்பிளை முன்னுக்கு நிக்கக் கூடாது. அங்கால திரும்பி நில்லு பிள்ளை." வேறு வீட்டில் பெண்ணை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்துவார்கள். இந்த வீட்டில் கேட்பது கண்ணால் என்பதால் முகத்தைத் திருப்பினால் போதும். நிரோஷா நல்ல பிள்ளையாக நடு அறைக்குப் போய், எங்களுக்கு முதுகு காட்டிச் சுவரைப் பார்த்தபடி நின்றாள்.

அழைப்பு போனது. கொஞ்ச நேரம் யாரும் எடுக்கவில்லை. பிறகு திரையில் ஒரு முகம், கண்டிப்பான முகம், திரேசா. பெரியப்பா குனிந்து, "ஹலோ, கேக்குதோ, இஞ்ச கொட்டாஞ்சேனை," என்று உரத்துச் சொன்னார். இரண்டு பெண்களும் அவரை ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மெதுவாகச் சாய்கதிரையில் இருந்துகொண்டார். கலியாணப் பேச்சில் ஆண்கள் எல்லோரும் வாய் மூடி இருந்ததை என் ஆயுளில் அன்று ஒருநாள்தான் கண்டேன்.

றெஜினா அக்கா எடுத்த எடுப்பில், போன கிழமை நின்ற இடத்திலிருந்தே தொடங்கினார். உள்ளங்கை விரிந்து நின்றது. வேண்டாம். நான் திரையைப் பார்க்கவில்லை, பச்சை விளக்கைப் பார்த்தேன். பிறகு கை அசைந்தது. விரிந்த கை மடங்கி நெஞ்சுக்கு வந்தது, நெஞ்சிலிருந்து கண்ணுக்குப் போனது, பிறகு இரண்டு கையும் எதிரெதிரே நின்று ஒன்றோடொன்று கதைத்தன. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் சத்தமில்லாத அந்த விறாந்தையில் இரண்டு கை இவ்வளவு சொல்லுமா என்று பிரமித்துப்போய் நின்றேன். அவர் சொன்னதைப் பிறகு நிரோஷாதான் எனக்குச் சொன்னாள்.

"வேண்டாம் எண்டுதான் முதல் நினைச்சனான். பிறகு உங்கட மகன் இஞ்ச வந்து நிண்டதைப் பாத்தனான். அவைக்கு ரெண்டு பேருக்கும் காது கேக்கும், வாயால கதைக்கலாம். நான் நிண்ட இடத்தில அவை ஒரு சொல்லும் வாயால கதைக்கேல்லை. தங்களுக்குள்ள கதைச்சதையும் கையாலதான் கதைச்சவை. அண்டைக்கு எனக்கு விளங்கினது, இவளை எவ்வளவு தூரமும் அனுப்பலாம் எண்டு."

திரேசாவின் கண்டிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. அவர் புறங்கையால் கண்ணைத் துடைத்தார், துடைத்த கையாலேயே பதில் சொன்னார். பிறகு இரண்டு பேரும் கதைத்தார்கள், கதைத்தார்கள், அப்படிக் கதைத்தார்கள். ஒருவருடையது யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் பழகிய கை, மற்றவருடையது கொழும்பில் பழகிய கை. ஏதோ ஒரு சொல்லில் முட்டிக்கொண்டு, நீ காட்டுவது அப்படியா, நாங்கள் காட்டுவது இப்படி என்று மாறி மாறிக் காட்டிச் சிரித்தார்கள்.

திடீரென்று திரேசா கையை நிறுத்திவிட்டு முகத்தைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்தார். படம் நின்றுவிட்டதோ என்று நான் பதறிப்போனேன். படம் நிற்கவில்லை. அவர் றெஜினா அக்காவைப் பார்க்கவில்லை, அவருக்குப் பின்னால் எதையோ உற்றுப் பார்த்தார். பிறகு விரலை நீட்டி, தோள் குலுங்கச் சிரித்தார். பின்னால், பின்னால் பார்.

நாங்கள் எல்லோரும் திரும்பினோம். நிரோஷா சொன்ன சொல் தவறாமல் எங்களுக்கு முதுகு காட்டித்தான் நின்றாள். அவளுக்கு முன்னால் அந்தக் கண்ணாடி. அதில் அவளுடைய முகம் முழுவதும், கன்னம் எல்லாம் நனைந்து, சிரித்தபடி. திரையின் மூலைப் படத்தில் தாய் சொன்னதையும், திரையில் மாமி சொன்னதையும் அவள் ஒன்றுவிடாமல் அதில் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். பெண்ணுக்குச் சம்மதமா என்று திரேசா அப்போதுதான் கேட்டிருந்தாராம். கண்ணாடிக்குள் நிரோஷாவின் கை, மூடிய கை, தலையாட்டுவது போல மேலும் கீழும் ஆடிக்கொண்டிருந்தது.

ஓம். ஓம். ஓம்.

சிக்னலை மறித்த அதே கண்ணாடி அந்தச் சொல்லை வாங்கி, விறாந்தையைத் தாண்டி, கடலைத் தாண்டி மெல்பேர்ணில் கொண்டுபோய்க் கொடுத்தது. கண்ணாடிக்குள் தெரிந்த அந்தச் சின்னக் கை அங்கே விளங்கும் அளவுக்குப் படம் தெளிவாக இருந்தது. என் சேவைக்காலத்தில் நான் பூட்டிய எந்தப் பெட்டியைப் பற்றியும் நான் பெருமைப்பட்டதில்லை. கதவுநிலைக்கு மேல் இருந்த அந்தப் பெட்டியை மாத்திரம் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன்.

"என்ன தம்பி நடந்தது?" என்று பெரியப்பா என் காதுக்குள் கேட்டார்.

"கலியாணம் முற்றாகிட்டுது ஐயா," என்றேன். எனக்கு அந்த ஒரு சொல் விளங்கியிருந்தது.

பிள்ளைகளே, வீட்டில் எதையாவது கழற்றச் சொல்லுவதற்கு முன்னால், அந்த வீட்டுக்காரர் இருக்கும் இடத்தில் ஒருமுறை இருந்து பாருங்கள். இதற்கு மேல் உங்களுக்குச் சொல்ல என்னிடம் இல்லை. மிச்சக் கதையையும் சொல்லிவிடுகிறேன்.

ஏணியைக் கடையில் கொடுத்துவிட்டு, பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒழுங்கைக் கதவுக்கு வந்தேன். றெஜினா அக்கா ஓடிவந்து வழியை மறித்தார். உள்ளங்கை என் முகத்துக்கு நேரே விரிந்து நின்றது. வேண்டாம். கை அசையவில்லை, முகம் அசையவில்லை, கண்கூட இமைக்கவில்லை. என்ன பிழை விட்டேன், எதை உடைத்தேன், லைன் மறுபடியும் போய்விட்டதா என்று அவருக்குப் பின்னால் நின்ற நிரோஷாவைப் பார்த்தேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

அப்போது றெஜினா அக்காவின் உதடு துடித்தது. அடக்க முடியாமல் சிரிப்பு வந்து, நின்ற படம் அசைந்தது, கை மிச்சத்தைச் சொன்னது.

"'தேத்தண்ணி குடிக்காமப் போக வேண்டாம்' எண்டு சொல்றா," என்றாள் நிரோஷா.